பங்கு வீடும் புள்ளிக் கணக்கும்

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு இடிந்து விழுந்தால், பிள்ளைகளுக்கு ஊர்ப்பாசம் போய்விட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கே குடிவந்து, பங்காளிகள் சார்பில் எங்கள் பொது வீட்டின் பராமரிப்பைப் பார்த்து வருகிற எனக்கு, இதற்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. பாசம் அற்றுப்போன வீடு விற்கப்பட்டு, வேறொருவர் கைக்கு மாறி, ஏதோ ஒரு வடிவில் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் பாசம் இருந்து ஒருவருக்கும் பொறுப்பு இல்லாத வீடுதான் விழுகிறது. "ஐயா கட்டின வீடு, என் உயிர் இருக்கிற வரைக்கும் விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சிங்கப்பூரிலிருந்து சொல்கிற அண்ணனும், "அப்பச்சி காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும், எதையும் தொட வேண்டாம்" என்று கோயம்புத்தூரிலிருந்து சொல்கிற தம்பியும், இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் ஓடு உடைந்து மழைநீர் உத்திரத்தில் இறங்குகிறது என்று சொன்னவுடன் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அவர்களுடைய பாசம் பொய்யானது அல்ல. அந்தப் பாசம் செலவாக மாறுவதற்கு ஒரு வழி ஏற்படுத்தப்படவில்லை என்பதுதான் குறை.

இது ஏன் இங்கே இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு வீட்டின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் இந்த வீடுகளில், வளவின் முற்றத்தைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை உண்டு. திருமணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே அடுப்பும் கணக்கும் தனித்தனி. அந்த மகன்களின் பிள்ளைகள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்று பங்கு பிரிந்து வரும்போது அறைகள் ஆளுக்கு ஒன்றாகவும் பாதியாகவும் போய்ச் சேருகின்றன. ஆனால் முற்றம், தூண்கள் தாங்கும் கூடமான பட்டாலை, கூரை மூன்றும் என்றைக்கும் பொது. அவரவர் அறையைத் திறந்து, பெட்டகத்தைத் துடைத்து, சாம்பிராணி போட்டுவிட்டுப் போக வருகிறவர்கள் உண்டு. அந்த அறைக்கு மேலிருக்கும் ஓடுகளை ஏறிப் பார்க்க யாரும் வருவதில்லை, ஏனென்றால் ஓடு யாருடைய பங்கிலும் தனியாக எழுதப்படவில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய வருமானம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1930-களின் பொருளாதார மந்தம், 1942-இல் பர்மாவில் ஜப்பானியப் படையெடுப்பு, அதன் பிறகு அங்கே வந்த நில உடைமைச் சட்டங்கள், 1960-களில் வங்கிகளும் வணிகமும் அரசுடைமை ஆனது என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளில் அந்த வரவு நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் மற்ற நகரங்களுக்கும் படிப்பு, வேலை என்று போனார்கள். ஒரு காலத்தில் தொண்ணூற்றாறு ஊர்கள் என்று சொல்லப்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் இன்று எழுபத்துச் சொச்சமாகச் சுருங்கியிருக்கின்றன. எங்கள் தெருவிலேயே அந்தி நேரத்தில் விளக்கு எரிகிற வீடுகளை விட எரியாத வீடுகள்தான் அதிகம்.

பங்காளிகளை ஒன்றுகூட்டிப் பேச வேண்டும் என்ற எண்ணம் வந்தபோது, எங்களுக்குக் கைகொடுத்தது கோயில் வழக்கம்தான். நகரத்தார்க்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள் உண்டு. மணமான ஒவ்வொரு தம்பதியும் தங்கள் கோயிலில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு உரிய வரியை எந்த நாட்டில் இருந்தாலும் கட்டிவிடுவார்கள். கட்டாமல் இருப்பது கௌரவக் குறைவு. கோயிலுக்குப் புள்ளி வரி கொடுக்கிறவர்கள் வீட்டுக்கும் அதே கணக்கில் கொடுப்பதற்கு என்ன தடை என்று, முன்னோரை வணங்கும் ஒரு படைப்புக்கு எல்லாரும் வந்திருந்த நாளில், சாப்பாடு முடிந்து பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். அறையின் அளவு, பங்கின் பின்னம் என்று கணக்குப் போட்டால் சண்டை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். புள்ளிக் கணக்கில் பெரிய பங்கு, சிறிய பங்கு என்ற பேச்சே இல்லை. கணவரை இழந்து தனித்திருக்கும் ஆச்சிமார்களுக்கு, அதாவது வீட்டுப் பெரிய பெண்களுக்கு, கோயிலில் போலவே அரைப்புள்ளி என்றும் முடிவாயிற்று. சொத்து உரிமைக்கும் இந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இது பராமரிப்புக்கு மட்டும்தான் என்று முதல் வரியிலேயே எழுதிக்கொண்டோம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பாதிப்பேர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, பணத்தைப் பற்றிப் பேசும் முன்பு வம்சாவளியை எழுதி முடித்துவிடுங்கள் என்பதே. வீட்டைக் கட்டியவரிலிருந்து தொடங்கி, இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும், முகவரியும், இறந்தவர்களின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், யாரோ ஒருவர் தம் பங்கை எப்போதோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பதும், வீட்டு வரி இன்னும் பாட்டனார் பெயரில் வந்துகொண்டிருப்பதும் தெரியவரும். பெண்மக்களை விட்டுவிட்டு எழுதுவது பழைய பழக்கம்; அந்தப் பழக்கத்துக்குச் சட்டத்தில் இனி இடமில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் உரிமை அளித்திருக்கின்றன. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டாலும், பிறந்த வீட்டின் மீது பெண்களுக்கு இருக்கும் பிடிப்பு ஆண்களுடையதை விட நேரடியானது என்பது என் கருத்து. எங்கள் பங்காளிகளில் பலர் வீட்டை நினைத்து உருகுவார்கள், ஆனால் எந்த அறையில் மழை ஒழுகும் என்று கேட்டால் தெரியாது. மணமாகிப் போய் எத்தனையோ ஆண்டுகள் கழித்தும், முற்றத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் முதலில் கொட்டும், அண்டாவை எங்கே வைக்க வேண்டும் என்று என் அக்கா, நாங்கள் சொல்கிற வழக்கில் எங்கள் ஆச்சி, சரியாகச் சொன்னார்.

பங்கு வெளியாள் கைக்குப் போய்விடுமோ என்பது எல்லாக் குடும்பங்களிலும் இருக்கும் அச்சம். பிரிக்கப்படாத குடியிருப்பு வீட்டின் ஒரு பங்கை வெளியார் வாங்கி, பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை உரிய விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளக் குடும்பத்தாருக்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இடம் தருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவிலும், உடன் வாரிசுகளுக்கு முன்னுரிமை பேசப்படுகிறது. இவற்றை ஒரு வழக்கறிஞர் மூலம் பங்காளிகளுக்கு விளக்கிச் சொன்ன பிறகுதான், 'இன்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வீடு போய்விடும்' என்ற பேச்சு அடங்கியது. அச்சம் குறைந்தவுடன் பணம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வந்த பணத்தை எதில் போடுவது என்பதில் ஒரே விடைதான் உண்டு: கூரை. சுவரில் வண்ணம் அடிப்பதற்கும், ஆத்தங்குடிக் கல் பதிப்பதற்கும், முகப்பில் விளக்கு மாட்டுவதற்கும் ஆளாளுக்கு ஆசை இருக்கும். அவை படத்தில் நன்றாகத் தெரியும். கூரை வேலை படத்தில் தெரியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் நாட்டு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் வேய்ந்திருப்பார்கள். வெயில் இறங்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த அடுக்கில் ஒரு ஓடு நழுவினாலும், ஐப்பசி மழையில் நீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தில் இறங்கி, கைமரத்தில் ஊறி, சுவர் மேலுள்ள உத்திரத்தின் நுனியை இற்றுப்போகச் செய்துவிடும். உத்திரம் நடுவில் உறுதியாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் முதலில் போகும், அதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாய்கள்தான் ஆபத்தான இடம். அங்கே வேப்பிலையும் புறா எச்சமும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், நீர் முற்றத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பிவிடுகிறது. ஆகவே ஆனி, ஆடியில் ஓடு மாற்றும் வேலையை முடித்துவிடுவதும், புரட்டாசியில் ஒருமுறை கூடல்வாய்களைச் சுத்தம் செய்வதும், கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளை வேரோடு எடுப்பதும் எங்கள் வீட்டில் மாறாத கணக்கு. கன்றை மேலோடு வெட்டிவிட்டால் அது இன்னும் வேகமாகத் தழைக்கும். வேர் இருக்கும் காரையைப் பெயர்த்து எடுத்து மறுபடி பூச வேண்டும்.

நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அருகில் ஏதாவது வீட்டை இடிக்கும்போது நல்ல ஓடுகளைப் பொறுக்கி வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வைக்கிறோம். இடிந்த வீட்டின் ஓடுகளை இருக்கிற வீட்டுக்குப் போடுவது சிலருக்கு மனத்துக்கு ஒப்பவில்லை. எனக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை.

சுவரைப் பொறுத்தவரை, சிமெண்டைக் கிட்டே சேர்க்காதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். எங்கள் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை; மேற்பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய், கருப்பட்டி நீர் சேர்த்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்து மெருகு ஏற்றியிருப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கி, ஓரிரு மழைக்காலத்துக்குள் அந்தப் பூச்சு பழைய சுவரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் சுற்று வட்டாரத்தில் மரபு விடுதிகளில் வேலை செய்து பழகிய கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நாளைக் கோடையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பை நீர்த்து ஊறவைக்கக் கொடுக்கும் காலத்தில் அவசரப்படக் கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்கப் போகிறவர்கள், அங்கே அடுக்கியிருக்கும் தூண்களும் நிலைக்கதவுகளும் எனாமல் தூக்குகளும் எங்கிருந்து வந்தன என்று யோசிப்பதில்லை. குறை சொல்ல எனக்கு மனமில்லை. விற்றவர்களுக்குத் தேவை இருந்திருக்கும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து பொருள் வெளியேறும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் பித்தளைச் சாமான், பிறகு கண்ணாடிகளும் படங்களும், பிறகு அறைக்கதவுகள், கடைசியாகப் பட்டாலைத் தூண். தூணுக்கு வந்துவிட்டால் அதன் பிறகு வீடு வீடாக இருக்காது. அது தேக்கு இத்தனை கன அடி, செங்கல் இத்தனை லோடு என்ற கணக்காகிவிடும். இதைத் தடுக்க நாங்கள் செய்தது எளிமையானது. ஒவ்வொரு கதவையும் தூணையும் நிலையையும் எண்ணிட்டுப் படம் எடுத்து, அந்தப் பட்டியலை எல்லாப் புள்ளிகளுக்கும் அனுப்பினோம். அறைக்குள் இருக்கும் பொருள் அவரவருக்கு. சுவரோடும் தரையோடும் கூரையோடும் பொருந்தியிருப்பது எதுவும் பொது, எல்லாரும் எழுத்தில் சம்மதிக்காமல் அசைக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டோம்.

ஆச்சிமார் சீராகக் கொண்டுவந்த சாமான்களைப் பற்றி மட்டும் தனியாகப் பேச வேண்டியிருந்தது. பெயர் வெட்டிய பாத்திரங்களை, ஒருமுறையும் அடுப்பில் ஏறாதவற்றை, மரப்பெட்டிகளில் அடுக்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். மகன்களுக்கு அது இடத்தை அடைக்கும் பழஞ்சாமான். ஆச்சிமாருக்கோ அந்த வீட்டில் தங்களுக்கென்று சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். ஒரு பெரியம்மாவை "ஆச்சி, இதையெல்லாம் விற்றால் உங்கள் பக்கத்துக் கூரைக்கு ஆகுமே" என்று ஓர் உறவினர் கேட்டபோது, "கூரைக்கு என் பணம் தாரேன், என் சாமானைப் பார்க்காதே அப்பா" என்று சொல்லி, சொன்னபடியே கொடுத்தார். யார் எதில் பற்று வைத்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தானாக விளங்கிவிடும்.

இவ்வளவு பேசிவிட்டு, வீட்டில் உண்மையில் வசிப்பவரைப் பற்றிப் பேசாமல் போவது முறையாகாது. எங்கள் வீட்டில் நான் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஓர் அம்மாள் காவலாக இருக்கிறார். அவருடைய தாயாரும் இதே வீட்டில் வேலை பார்த்தவர். கரையான் எந்தத் தூணடியில் மண் கட்டத் தொடங்கியிருக்கிறது, எந்தக் கட்டில் வௌவால் புகுந்திருக்கிறது, எந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் பங்காளிகளில் எவரையும் விட அவருக்குத் தெரியும். தெருவில் இருக்கும் முதிய ஆச்சிமாரை மாலையில் எட்டிப் பார்ப்பதும் அவர்தான். இவரைப் போன்றவர்களுடைய பற்றை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாறாக, நீண்ட காலம் இருந்தால் உரிமை கேட்டுவிடுவார்களோ என்று சந்தேகம் மட்டும் படுகிறோம். அந்தச் சந்தேகத்துக்கு மருந்து, தெளிவான எழுத்து. இன்ன ஊதியம், இன்ன அறையில் தங்கும் அனுமதி, முதுமையில் இன்ன உதவி என்று அவருக்குப் படித்துக் காட்டி எழுதிக் கொடுத்தோம். புள்ளி வரியில் அவருடைய ஊதியம்தான் முதல் செலவு. கூரை கூட அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்குள் எவ்வளவு செய்தாலும் தெரு கைவிட்டால் பயனில்லை. எங்கள் ஊர்கள் நீரை வைத்துத் திட்டமிடப்பட்டவை. கூரை நீர் முற்றத்துக்கும், முற்றத்து நீர் தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் போக வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சிமெண்ட் சாலை போட்டுப் போட்டு, தெரு மட்டம் உயர்ந்து, உயரமான அடித்தளத்தில் கட்டிய வீடுகளிலேயே வடிகால் வாய் தெருவுக்குக் கீழே போய்விட்டது. வீட்டு நீர் வெளியே போக முடியாமல் அடித்தளத்தைச் சுற்றித் தேங்குவதற்கும், ஊருணி வறண்டு கிடப்பதற்கும் காரணம் ஒன்றே. இதைத் தனியொரு வீட்டாராகப் போய்ச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. ஊருணித் தண்ணீரை நம்பியிருந்தவர்கள், பெரிய வீடுகள் இல்லாத பின் தெருக்காரர்கள், ஆசாரிமார், வேளார் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்த பிறகே வரத்துக்காலைத் தூர்வாரும் வேலை தொடங்கியது. செட்டியார் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று, ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை என்றானபோதுதான் நகர்ந்தது. சாலை போடும் முன் பழைய பரப்பைச் சுரண்ட வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது.

விடுதியாக மாற்றிவிடலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு அந்தப் பேச்சு அதிகமாகியிருக்கிறது. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் கடியாபட்டியிலும் அப்படி மாற்றப்பட்ட வீடுகள் நன்றாகவே பேணப்படுகின்றன. ஆனால் அதற்கு முடிவெடுக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய முதல் வேண்டும். பல புள்ளிகள் சேர்ந்த பங்கு வீட்டுக்கு அது ஒத்துவராது என்பதே என் கணிப்பு. படப்பிடிப்புக்கு விடுவதில் வருமானம் உண்டு. விடுவதானால், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வண்ணம் மாற்றக் கூடாது, தூணில் கம்பி கட்டக் கூடாது என்பதையும், முன்பணத்தில் ஒரு பகுதி சேதத்துக்குப் பிணையாக இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, படப்பிடிப்பு நாள்களில் வீட்டார் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் புள்ளி என்ன ஆகும் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் முடிவு எட்டப்படவில்லை. அவர்களுக்கு இந்த வீட்டில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த நினைவோ, முற்றத்தில் மழையில் நனைந்த நினைவோ கிடையாது. இல்லாத நினைவை நாம் ஊட்ட முடியாது. திருமணத்தை ஊர் வீட்டில் வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டு வரி இல்லை என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். அதைப் பயன்படுத்திக்கொண்ட பையன் ஒருவன், திருமணத்துக்குப் பிறகு வரிவிலக்கு இருந்தும் தானாகவே தொகையை அனுப்பி வருகிறான். இன்னும் இருவர் வெளிப்படையாக, தங்களுக்கு இதில் நாட்டமில்லை, பங்கை உள்ளுக்குள்ளேயே யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார்கள். மூத்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தக் கடிதங்கள் நிம்மதியைத் தந்தன. இருவருக்கும் விடுதலைப் பத்திரம் எழுதும் வேலையை வரும் தை மாதம் அவர்கள் ஊர் வரும்போது முடித்துவிடுவதாக இருக்கிறோம்.